அண்ணியும் அதில் அடக்கம்

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு அண்ணி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெக்னீஷியன் கையசைத்தார்.

"எல்லாரும் பெரிய ரூமுக்கு வரணுமாம். மாப்பிள்ளை வந்திருக்காரு."

மாப்பிள்ளை என்றால் முதலாளியின் மருமகன். முதலாளி பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து வானொலி நிலையம் மருமகன் பொறுப்பில்தான் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை வருவார். ஏசி எதற்கு இவ்வளவு ஓடுகிறது என்று கேட்பார், போய்விடுவார்.

பெரிய ரூம் ஒரு காலத்தில் நாடகம் பதிவு செய்யக் கட்டியது. சுவர் முழுக்கப் பஞ்சும் துணியும் வைத்துத் தைத்திருப்பார்கள். அங்கே யார் பேசினாலும் குரல் எங்கும் மோதித் திரும்பாது, பேசுகிறவர் காலடியிலேயே விழுந்துவிடும். மாப்பிள்ளை சொன்னதும் அப்படித்தான் விழுந்தது.

"ஸ்டேஷனை வித்தாச்சு. பயப்பட ஒண்ணுமில்ல. வாங்கியிருக்கிறவங்க பெரிய கை, ஏழெட்டு ஊர்ல ஸ்டேஷன் நடத்துறாங்க. அலைவரிசை, பேரு, நிகழ்ச்சி எல்லாம் அப்படியேதான் இருக்கும்."

"ஆளுங்க?" என்று கேட்டார் கணக்குப் பார்க்கிற அம்மா.

"அதையும் பேசிட்டுத்தான் இருக்கோம்."

அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மேலாளர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணிக்கு, ஸ்டூடியோ மேஜையில் தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைத்துவிட்டு வந்துவிட்டோமோ என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்ததும் போய்ப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அண்ணி என்பது நேயர்கள் வைத்தது. மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அவள் அந்த வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் ஒரு காலையில், புதிதாகக் கல்யாணமான ஒருவன் போனில் வந்தான். மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம், ஒரு சோகப் பாட்டு வேண்டுமாம்.

"சோகப் பாட்டைக் கேட்டுக்கிட்டு கட்டில்ல உருண்டா அவ வந்துடுவாளா?" என்று கேட்டாள். "எழுந்து சட்டையை மாட்டு. போற வழியில கேக்குற மாதிரி ஒண்ணு போடுறேன். வாசல்ல நிக்கும்போது வாயைத் திறக்காதே, உன் வாய்தானே பிரச்சினை?"

"சரிங்க அண்ணி," என்றான் அவன்.

மறுநாள் அவன் மனைவியோடு சேர்ந்து போன் செய்தான். அவளும் அண்ணி என்றாள். அப்படியே ஒட்டிக்கொண்டது. பழம் விற்கிறவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பல் பிடுங்குகிற டாக்டர் எல்லோருக்கும் அவள் அண்ணி. நிலையத்தார் சும்மா இருப்பார்களா? கூடப் பேசுவதற்கு ஒருவனைக் கொண்டுவந்து, தகரடப்பா என்று பெயர் வைத்து, கொழுந்தனாக உட்காரவைத்தார்கள். 'அண்ணியும் தகரடப்பாவும்' என்று நிகழ்ச்சி ஓடியது. இருவரும் நிஜ உறவு என்றே பாதிப் பேர் நம்பினார்கள். ஒருமுறை டீக்கடையில் ஒருவர், "அண்ணனைக் கூட்டிட்டு வரலியா தம்பி?" என்று தகரடப்பாவைக் கேட்டார். அவனுக்குப் பதில் வரவில்லை. மைக்கில் ஊரையே கலகலக்கவைக்கிற அவன், மைக் அணைந்தால் தானும் அணைந்துவிடுகிறவன்.

விற்பனை விஷயத்தைக் காற்றில் விடக்கூடாது என்று உத்தரவு. ஆனால் சுவருக்கும் காது உண்டு, பஞ்சு அடைத்த சுவரானாலும். நாலு நாள் கழித்து ஒரு பெண் நேரலையில் கேட்டே விட்டாள்.

"அண்ணி, ஸ்டேஷனை வித்துட்டாங்களாமே? நிஜமா?"

டெக்னீஷியனின் கை லைனைத் துண்டிக்கிற பொத்தானுக்குப் போனது. அண்ணி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வித்தா என்னம்மா? நாம என்ன விலை போகாத சரக்கா?"

"என்னைத் தராசுல வச்சாங்க அண்ணி, எடைக்கல்லே பத்தல," என்றான் தகரடப்பா.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பாட்டு ஓடத் தொடங்கியது. மேலாளர் அறைக்குள் எட்டிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக்காட்டிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம் புதிய முதலாளிகளின் ஆட்கள் வந்தார்கள். ஒரு மனிதவளப் பிரிவுப் பெண்ணும், மடிக்கணினியை விட்டுத் தலை நிமிராத ஒருவரும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அண்ணி உள்ளே போனபோது அந்தப் பெண் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எங்கம்மா உங்க ரசிகை மேடம். காலைல நீங்க பேசாட்டி அவங்களுக்கு வேலையே ஓடாது."

"சந்தோஷம்மா."

"நாங்க நேயர்கள்கிட்ட ஒரு ஆய்வு எடுத்தோம். அண்ணிங்கிற பேருக்குப் பெரிய வரவேற்பு இருக்கு. அதை நாங்க விடுறதா இல்ல."

அண்ணி காத்திருந்தாள். அந்தப் பெண் மடிக்கணினிக்காரரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

"ஆனா குரல் கொஞ்சம் இளசா இருக்கணும்னு நினைக்கிறாங்க மேடம். அதனால அந்தப் பேர்ல வேற ஒருத்தங்க பண்ணுவாங்க. தகரடப்பா சார் தொடர்வாரு. அந்தப் பேரு நிலையத்துப் பேர்ல பதிவாகியிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கு. விற்பனையில அதுவும் அடக்கம்."

"சரி."

"நீங்க வேற எங்கேயும் அந்தப் பேர்ல பேசக்கூடாது. விளம்பரம், மேடை, இணையம், எதுலயும்."

"வீட்ல?"

"புரியல மேடம்."

"எனக்கு நிஜமாவே ஒரு கொழுந்தன் இருக்கான். அவன் என்னை அண்ணின்னு கூப்பிடலாமா, இல்ல உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

சிரிக்கலாமா கூடாதா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. மடிக்கணினிக்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து, "குடும்ப உபயோகத்துக்குத் தடை இல்ல," என்றார்.

அண்ணி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் சுத்தம் செய்கிற அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் கால் வைக்காமல் ஓரமாக நடந்து போனாள். அழுகை வரும் என்று பஸ்ஸில் காத்திருந்தாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் கூண்டுக்கு மேல் நின்று கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவுகிற வேலை. கீழே இறங்கி வீட்டுக்கு வந்தபிறகு எதற்கும் பதறமாட்டார். அன்றும் கை கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"வேலை போச்சு, சரி. பேரையுமா புடுங்கிக்கிட்டாங்க?"

"புடுங்கல. எழுதிக் குடுத்திருக்கேன்."

"கேஸ் போடும்மா!" என்று மகள் கத்தினாள். "அவங்க யாரு உன் பேரை எடுத்துக்க?"

"யானையை வித்தாச்சு, அங்குசத்துக்கு என்ன வழக்கு?" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "அழணும்னா அழுதுடு. அடக்கி வச்சா உடம்புக்கு ஆகாது."

"வந்தா அழமாட்டேனா? வரலியே."

கடைசி நிகழ்ச்சி ஒரு வெள்ளிக்கிழமை. பேசுகிறவர்களுக்கு அது கடைசி என்று தெரியும், கேட்கிறவர்களுக்குத் தெரியாது. விடைபெறுகிற பேச்சு கூடாது என்று மேலாளர் சொல்லியிருந்தார். "எனக்காக. நானும் இந்த மாசத்தோட கிளம்புறேன், சண்டை இல்லாம போகணும்."

எப்போதும்போல் போனது. பிறந்தநாள் வாழ்த்து, போக்குவரத்து நெரிசல், தொலைந்துபோன ஒரு நாய்க்குட்டி. எல்லா நாளும் நிகழ்ச்சி முடியும்போது தகரடப்பா, "அண்ணி, நாளைக்கு?" என்று கேட்பான். "நாளைக்கும் நாமதான்!" என்பாள் அவள். உடனே பாட்டு. அன்று அவன் கேட்கவில்லை. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வானொலியில் பேச்சு நின்றுபோவது, ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் எழுந்து போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிற மாதிரி. கண்ணாடிக்கு அப்பால் டெக்னீஷியன் இரண்டு கையையும் ஆட்டினார்.

அண்ணி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தகரடப்பாவுக்கு இன்னிக்கு மூடி போட்டு மூடிட்டேன். எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க! அப்படியே பாட்டைக் கேளுங்க."

வெளியே வந்ததும், தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் அவன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது.

"நானும் போறேன்னு சொல்லியிருக்கணும்க்கா. வாயே வரல." மைக் இல்லாதபோது அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு வீரமா? போ, முகத்தைக் கழுவு."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "பசிக்குது," என்றாள்.

அதன்பிறகு வந்த நாட்களில் அக்கம்பக்கத்தவர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்துபோனார்கள். குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், அவள் அழாததைக் கண்டு ஏமாந்துபோய் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவளோ விடியுமுன் பழக்கத்தில் எழுந்துவிடுவாள். எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல், துவைத்து மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

ஒரு மத்தியானம் கொழுந்தன் வந்தான், வீட்டுக்காரரின் தம்பி. இரண்டு தெரு தள்ளி பேனர் அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா. மண்டையில பூட்டோட நிக்கிற?"

"ஒண்ணு கேக்கணும் அண்ணி. தப்பா எடுத்துக்கக்கூடாது."

செல்போனை நீட்டினான். அச்சுக்கு வந்திருந்த பேனரின் மாதிரி. ஹெட்போன் மாட்டிய இளம்பெண் ஒருத்தி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். பக்கத்தில் தகரடப்பா பாதிச் சிரிப்போடு நின்றான். மேலே கொட்டை எழுத்தில், 'அண்ணி வந்தாச்சு!' கீழே, 'தினமும் காலையில் ஓர் இசை பயணம்.'

"ஊர் பூரா மாட்டணுமாம். ஏஜென்சிக்காரன் நான் யாருன்னு தெரியாம என்கிட்டயே குடுத்துட்டான். முடியாதுன்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்?"

"ஏன்னா? என் மெஷின்ல நானே இதை எப்படி அடிப்பேன்?"

"நீ அடிக்கலேன்னா எதிர்க்கடைக்காரன் அடிப்பான். மெஷின் சும்மாதானே நிக்குது?" செல்போனை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இசைக்கும் பயணத்துக்கும் நடுவுல 'ப்' விட்டுப்போச்சு. போட்டுடு. அவ்வளவு பெரிசாத் தொங்கப் போகுது, தப்போட தொங்கலாமா?"

கொழுந்தன் அவளையே பார்த்தான். ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவன் கண் கலங்கியிருந்தது.

"ஏன் அண்ணி இப்படி இருக்கீங்க?"

"எப்படி இருக்கேன்?"

"யாரோ வீட்டு விஷயம் மாதிரி."

அவள் உள்ளே போனாள். அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிப்பதற்காக அவன் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

பேனர்கள் வந்தன. மேம்பாலத்தின் அடியில், பஸ் நிறுத்தத்தில், மகளின் கல்லூரிக்கு எதிரில். மகள் வேறு வழியாகச் சுற்றிப் போனாள். காலையில் வீட்டில் யாரும் வானொலியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அண்ணிதான் போய்ப் போட்டாள். புதியவள் பேசினாள். கொஞ்சம் வேகம், சிரிப்பும் ஒரு சிட்டிகை அதிகம். ஆனால் குரலில் கள்ளம் இல்லை. "எப்படி?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "பழகிடுவா," என்றாள் அண்ணி.

அவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களைப் பதிவு செய்கிற ஓர் அலுவலகம். சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு மைக். பாறைகளின் வகைகளைப் பற்றி வாசிக்க வேண்டும். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள். யாருக்கும் எந்தப் பாட்டும் வேண்டாம். அது அவளுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போனாள், வாசித்தாள், வந்தாள்.

மழை பிடிக்கப்போகிற ஒரு மத்தியானம் செல்போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா... தகரடப்பா சார் நம்பர் குடுத்தாரு. நான்..." அந்தக் குரல் நின்றது. "நான் வந்து... காலைல நிகழ்ச்சி பண்றேன்."

"தெரியுது. சொல்லு."

"ஒரு தப்புப் பண்ணிட்டேன்க்கா. என்ன தப்புன்னு தெரியல." மூக்கை உறிஞ்சினாள். "ஐஸ் பேக்டரியில ராத்திரி வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர். தினமும் வேலை முடிஞ்சு வந்து போன் பண்ணுவாரே."

"ஐஸ்கட்டி அண்ணன்."

"ஆமா. வீட்டுக்காரிக்குன்னு ஒரு பாட்டு கேப்பாரு. அக்கா எங்கேன்னு கேட்டா, தூங்குறான்னு சொல்வாரு. போன வாரம் நான் விளையாட்டா, 'என்னண்ணே எப்பப் பார்த்தாலும் தூக்கம்? போனை அவங்க காதுல வைங்க, நான் எழுப்புறேன்'னு சொன்னேன். தகரடப்பா சாரும் சிரிச்சாரு. அவரு ஒண்ணும் பேசல. லைன் போயிடுச்சு. அன்னியிலேருந்து கூப்பிடவே இல்ல."

அண்ணி ஜன்னலோரம் போய் நின்றாள். எதிர் மாடியில் ஒருவர் அவசர அவசரமாகக் கொடித்துணிகளை அள்ளிக்கொண்டிருந்தார்.

"அவங்க இல்லம்மா. செத்துப்போய் ரொம்ப வருஷம் ஆச்சு. ஒருநாள் பாட்டு ஓடும்போது லைன்லயே இருந்து என்கிட்ட சொன்னாரு. வேற யாருக்கும் தெரியாது, தகரடப்பாவுக்கும் தெரியாது. நான் சொல்லல."

 அந்தப் பக்கம் அழுகை, குழந்தை அழுவதுபோல வெளிப்படையாக. அண்ணி அது முடியும் வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன இலகுவாக அழுகிறாள் இந்தப் பெண் என்று நினைத்தாள்.

"நீங்க ஒரு தடவை அவரைக் கூப்பிட்டுப் பேசுறீங்களா அக்கா? நம்பர் இங்க இருக்கு."

"நான் கூப்பிட்டு யாருன்னு சொல்றது? அந்தப் பேரு இப்ப உன்கிட்டதானே இருக்கு." குத்தலாகச் சொல்லவில்லை. இருப்பதைத்தான் சொன்னாள். "நீயே கூப்பிடு. மைக் இல்லாம. சாயங்காலம் தூங்கி எழுந்திருப்பாரு, வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி. மன்னிப்பெல்லாம் கேக்காதே. கேட்டா அவரு விளக்கம் சொல்ல வேண்டிவரும். 'நாளைக்கு என்ன பாட்டுண்ணே?'ன்னு மட்டும் கேளு."

"அப்புறம் லைன்ல வந்தா?"

"அக்கா எழுந்தாச்சான்னு கேளு. தூங்குறான்னு சொல்வாரு. எழுப்பாதீங்க, பாட்டு எழுப்பட்டும்னு நான் சொல்வேன்."

"நானும் அப்படியே சொல்லட்டா?"

அண்ணி ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

"வேணாம். அது நான் சொல்றது. உனக்கு வாயில என்ன வருதோ அதைச் சொல்லு."

மறுநாள் அவர் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அண்ணி வேலைக்குக் கிளம்பும்வரை வானொலியை அணைக்காமல் வைத்திருந்தாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை, அவள் மகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவர் குரல் வந்தது. கரகரப்பாக, குளிரில் நின்றுவிட்டு வந்த குரல்.

"வீட்டுக்காரிக்கு அந்தப் பாட்டு வேணும்மா."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"போட்டுட்டாப் போச்சு," என்றாள் புதியவள். வழக்கமான சிரிப்பு இல்லை. "அக்கா எழுந்தாச்சாண்ணே?"

 தகரடப்பா குறுக்கே வரவில்லை.

"இல்லம்மா. தூங்குறா."

"தூங்கட்டும்ணே. நான் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்கிறேன்."

பாட்டு வந்தது. நிஜமாகவே சத்தத்தைக் குறைத்துத்தான் விட்டிருந்தாள். ஊர் முழுக்க வண்டிகளிலும் கடைகளிலும் அடுப்படிகளிலும் அந்தப் பாட்டு அன்றைக்கு மெல்லத்தான் கேட்டிருக்கும். ரேடியோ கெட்டுவிட்டதோ என்று எத்தனையோ பேர் குமிழைத் திருகியிருப்பார்கள்.

இத்தனை வருடத்தில் தனக்கு இது தோன்றவில்லையே என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். எழுப்பட்டும், எழுப்பட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், அந்த மனிதரிடம்.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "என்ன, அப்படியே நின்னுட்ட?"

"ஒண்ணுமில்ல. நல்லா சொன்னா."

"யாரு?"

"அண்ணி," என்றாள்.

சட்டையை மடித்து மகளிடம் கொடுத்தாள். பாட்டு முடியும்வரை வானொலியை அணைக்கவில்லை. முடிந்ததும் அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அன்றைக்குப் பருவக்காற்றுகள் பற்றிய பாடம், பதினெட்டுப் பக்கம். பஸ் நிறுத்தத்தில் உட்கார இடம் இருந்தது.